இரண்டு வயதுப் பிள்ளையின் வேலை



இரண்டு வாரத்துக்கு முன் ஒரு தாய் பங்கு வீட்டுத் திண்ணையில் கண் கலங்கி நின்றாள். அவள் பையனுக்கு வயது இரண்டேகால். காரைக்குடியிலுள்ள நாத்தனார் அதே வயதுப் பிள்ளையைக் காலையில் விளையாட்டுப் பள்ளிக்கும் மாலையில் பாட்டு வகுப்புக்கும் அனுப்புகிறாளாம். அது நிறங்களின் பெயரையெல்லாம் இங்கிலீஷில் ஒப்பிக்கிறதாம். "என் மகன் மண்ணிலேயே கிடக்கிறான் சாமி. நான் அவனைப் பாழாக்குகிறேனா?" என்றாள்.

அற்பமான கேள்வியென்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளை நம் உடைமையன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று அஞ்சுகிற தாயைக் குறை சொல்ல எனக்கு நாவு எழவில்லை.

ஆனால் எதற்குக் கணக்கு? நம் பாண்டி நாட்டு அரசன் அறிவுடை நம்பியின் பாட்டொன்று புறநானூற்றில் 188-ஆவதாக இருக்கிறது. செல்வத்தையெல்லாம் ஒருபுறம் தள்ளிவிட்டு, வாழ்வுக்குப் பயனாக அவன் எதைக் காண்கிறான்? தத்தித் தத்தி வந்து, கலத்திலிருக்கும் நெய்ச்சோற்றை அள்ளி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையை. அந்தப் பிள்ளை எதை ஒப்பித்தது என்று அரசன் கேட்கவில்லை.

அப்படி அளைவதும் ஒரு படிப்பே என்று நமக்கு விளங்கச் சொன்னவர் மாண்டிசோரி அம்மையார். இத்தாலிய வைத்தியர், கத்தோலிக்கர். 1939-இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறுவருடம் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, ஊர் திரும்ப வழியின்றி 1946 வரை இந்தியாவில் தங்கினார். அதில் சில காலம் நம் கொடைக்கானலில்.

அதற்கு வெகுநாள் முன்பு, 1907-இல், ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் அவர் குழந்தைகள் இல்லம் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாயிருந்தாள். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள். முகத்தில் களைப்பே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாயிற்று. சில மாதங்களுக்கு முன், பூசை வேளையில், இந்தத் தாயின் பையன்தான் கோவில் வாசலில் கிடந்த செருப்புகளை இழுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பிரசங்கத்தை நிறுத்தி நான் அதட்டினேன். தாய் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். தன் பிள்ளை பாழென்று அவளுக்குத் தோன்றியதற்கு நானும் ஒரு காரணமோ என்னவோ.

ஆனாலும் விளையாட விடுவது வேறு, கைவிடுவது வேறு. "தன்பாட்டில் வளரட்டும்" என்று சொல்லிக் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்களையும் பார்க்கிறேன். (அடுப்பை யார் பார்ப்பது என்பீர்கள். நியாயம், தகப்பன்மார் இந்த வரியை இருமுறை படிக்கட்டும்.) இரண்டு வயதுப் பிள்ளை நாளில் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், திரை பார்ப்பது 1 மணிக்கு மேற்படலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி.

மாண்டிசோரி அம்மையாரும் கட்டற்று விடச் சொன்னவரல்லர். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டுமென்பதைப் பெரியவர் ஒழுங்கு செய்ய, எதை எடுப்பது, எத்தனை தடவை செய்வது என்பது குழந்தையின் பாடு. நம் வீடுகளிலும் உண்ணும் வேளை, உறங்கும் வேளை, அந்திச் செபம் ஆகியவை பெற்றோர் கையில் மாறாதிருக்கட்டும். இடைப்பட்ட பொழுது பிள்ளையுடையது. முற்றத்து மண், ஒரு கிண்ணம் தண்ணீர், பழைய கொட்டான் போதும். கண்ணெட்டும் தூரத்தில் யாராவது பெரியவர் இருக்க வேண்டும்.

நாத்தனாரையும் நான் பழிக்கவில்லை. வேலைக்குப் போகிற தாய்க்கு வேறு வழியென்ன? பிள்ளை அங்கே சிரித்துக்கொண்டு போகிறதா, விசும்பிக்கொண்டு போகிறதா என்று மட்டும் கவனிக்கச் சொன்னேன்.

அந்தத் தாயிடம் மன்னிப்பும் கேட்டேன். போன ஞாயிறு பையனை அழைத்து வந்திருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்தால் செருப்புகளெல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. என்னுடையதில் ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் கால்மணி நேரமாயிற்று.