ஓடாத தேர்

ஒரு பொருளைப் பெறுவதற்குப் பணம் வேண்டும். அதைப் பேணுவதற்கும் பணம் வேண்டும். அதை உரிய காலத்தில், உரிய முறையில் விட்டுவிடுவதற்கோ விவேகம் வேண்டும். முதலிரண்டைப் பற்றி உலகம் நமக்கு இடைவிடாமல் உபதேசிக்கிறது. மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

சித்தூரில் வசிக்கும் அன்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி எழுப்பினார். பதினைந்து வயதான ஜெர்மானியச் சொகுசுக் கார் ஒன்றை அவர் மிக மலிவாக வாங்கினார். ஓடாத நிலையில்தான் வாங்கினார். 'சிறு கோளாறுதான்' என்று விற்றவர் சொன்னார். திருப்பதிக்கு இழுத்துச் சென்று காட்டியபோது, வாங்கிய விலையைப்போல் மும்மடங்கு செலவாகும் என்றார் மெக்கானிக். மகளின் மேற்படிப்புக்கென வைத்திருந்த தொகையில் ஒரு பகுதி ஏற்கெனவே கரைந்துவிட்டது. 'மேலும் செலவு செய்து ஓட்டுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா, ஏதேனும் தர்ம ஸ்தாபனத்திற்குக் கொடுத்துவிடுவதா? எது அறம்?' என்பது அவரது கேள்வி.

கார் இல்லாதவர்களும் இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பராமரிக்க இயலாத பூர்வீக வீடு, நஷ்டத்தில் நடக்கும் கடை, பயனற்றுப்போன பகை என ஓடாத தேர் ஒன்று பெரும்பாலான வீடுகளின் முற்றத்தில் நிற்கிறது.

மலிவின் விலை

முதலில், இத்தகைய கார் மலிவாகக் கிடைப்பது ஏன் என்று பார்ப்போம். சொகுசுக் காரின் விலை ஆண்டுதோறும் சரிகிறது. ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலை, அது புதிதாக விற்றபோது இருந்த தரத்தையே ஒட்டி நிற்கிறது. கார் கிழவனாகலாம், கியர்பாக்ஸின் விலை கிழடாவதில்லை.

வேறு காரணங்களும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. நீர் புகுந்த எஞ்சினை அவசரப்பட்டு இயக்கினால், காற்றைப்போல் நீர் சுருங்காதாகையால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், முழு இழப்பு என்று கருதுவது நம் நாட்டுக் காப்பீட்டு வழக்கம். அவ்வாறு கழிக்கப்பட்ட கார்கள் ஏலத்திற்கு வருகின்றன. தலைநகர் தில்லிப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டன. 2025இல் அதில் தளர்வு அளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல வண்டிகள் அங்கிருந்து வேறு மாநிலங்களுக்குச் சென்றன.

மலிவான விலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது. அக்காரணத்தைக் கேட்டறியாமல் விலையை மட்டும் பார்ப்பது ஆசையின் இயல்பு. விலையைக் கண்டதும் காரணத்தைத் தேடுவது விவேகத்தின் இயல்பு.

போனதைத் துரத்தும் மனம்

அன்பரின் மனத்தை வாட்டியது இனிமேல் ஆகும் செலவு அன்று. இதுவரை ஆன செலவே. 'இவ்வளவு போட்டாகிவிட்டது, இப்போது விட்டால் எல்லாம் வீண்' என்று அவர் மனம் வாதிட்டது. இவ்வாதம் தனிமனிதரை மட்டும் ஏமாற்றுவதில்லை. ஒலியை விஞ்சும் கான்கார்டு விமானத்தை உருவாக்க பிரிட்டனும் பிரான்சும் 1962இல் ஒப்பந்தம் செய்தன. செலவு மதிப்பீட்டைப் பன்மடங்கு கடந்தது, வாங்குவோர் விலகினர். ஆயினும் இரு நாடுகளும் நிறுத்தவில்லை. இறுதியில் 14 விமானங்களே பயணிகள் சேவைக்கு வந்தன. 2003இல் அவையும் ஓய்ந்தன.

செலவழிந்த பணம் ஆற்றில் சென்ற நீர். அதை மீட்க மேலும் நீரை ஊற்றுவதால் பயனில்லை. எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: 'இதே கார், இதே நிலையில், இன்று இலவசமாக வாசலுக்கு வந்தால், இனி ஆகும் செலவை ஏற்று நான் அதை வைத்துக்கொள்வேனா?' ஆம் எனில் பழுது பார்க்கலாம். இல்லை எனில், நம்மைக் கட்டியிருப்பது கார் அன்று. 'நான் ஏமாந்தவன் அல்லன்' என்று நிரூபிக்கத் துடிக்கும் அகங்காரமே.

தேருக்கு உரியவர் யார்?

உடலைத் தேராகவும் ஆன்மாவைத் தேரில் அமர்ந்தவனாகவும் புத்தியைச் சாரதியாகவும் கட உபநிஷதம் உருவகிக்கிறது. அங்கே தேர் அமர்ந்தவனுக்காக இருக்கிறது. அவன் தேருக்காக இல்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் முன்னோர் சொன்னதும் இம்முறை தலைகீழாகும் நிலையைத்தான்.

ஆகவே, 'இந்தக் கார் யாருக்காக?' என்று நேர்மையாகக் கேட்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துக் கோப்பதில் உண்மையான ஈடுபாடு கொண்டு, தன் ஓய்வு நேரத்தையும் தன்னால் இயன்ற பொருளையும் செலவிடுபவருக்கு, ஓடாத கார் ஒரு நல்லாசிரியர். அவருடைய உழைப்பைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தெருவில் நால்வர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக, பிள்ளைகளின் கல்விக்குரிய பொருளைச் செலவிடுவது வேறு. இரண்டிலும் கார் ஒன்றே, நோக்கமே வேறு. அன்பரும் காரைத் தாமே பழுதுபார்க்க அறியார். எனவே அவரைப் பொறுத்தவரை, கல்விப் பணத்தை மேலும் அதில் இறக்குவது முறையன்று.

கைமாற்றுவதிலும் அறம் உண்டு

அப்படியானால் விற்றுவிடலாமா? விற்கலாம், உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். தமக்குச் சொல்லப்பட்ட 'சிறு கோளாறுதான்' என்ற அதே சொல்லை அடுத்தவருக்குச் சொன்னால், தாம் அடைந்த துன்பத்தை ஒரு லாபத்துடன் கைமாற்றியவர் ஆவார். துலாக்கோலைச் சமமாகப் பிடித்ததனாலேயே துலாதாரர் என்னும் வணிகர் ஒரு தவசிக்கு உபதேசிக்கும் தகுதி பெற்றார் என்று மகாபாரதம் கூறுகிறது.

இங்கே சட்டமும் அறத்திற்குத் துணை நிற்கிறது. வண்டியைப் பிறருக்குக் கொடுத்த பின்பும் ஆர்.சி. புத்தகத்தில் பழைய பெயரே இருந்தால், விபத்து இழப்பீட்டுக்குப் பெயருக்குரியவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கை விட்டாலும் பெயர் விடாதவரை பொறுப்பு விடாது!

தானமாகக் கொடுக்கலாமா? இங்குதான் மிகுந்த கவனம் தேவை. பால் வற்றிய, இனி கன்று ஈனாத பசுக்களைத் தந்தை தானமாக வழங்குவதைக் கண்டு சிறுவன் நசிகேதன் உள்ளம் நொந்தான். அங்கே பசுவோடு சேர்ந்து அதன் பராமரிப்புச் சுமையும் பெறுபவர் தலையில் ஏறியது. ஓடாத காரை ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினால் நாமும் அதையே செய்கிறோம். திருமலைக்கு நாள்தோறும் செல்லும் பக்தர்களைப் பாருங்கள். தாம் அழகென்று போற்றும் தலைமுடியையே அவர்கள் காணிக்கையாக்குகின்றனர். வேண்டாததை ஒதுக்குவது காணிக்கை ஆகாது.

எனினும் பொருளின் பயன் பெறுபவரைப் பொறுத்து மாறும். முதியோர் இல்லத்துக்குச் சுமையாகும் அதே கார், மோட்டார் மெக்கானிக் பயிற்சி தரும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பாடநூல் ஆகலாம். பிரித்துப் பார்ப்பதற்கு ஓடாத எஞ்சினே போதும். 'உங்களுக்கு இது பயன்படுமா?' என்று முன்கூட்டிக் கேட்டு, 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுத்தால், அது தானம். கேட்காமல் இறக்கிவிட்டு வந்தால், அது குப்பை கொட்டுதல்.

முல்லையும் தேரும்

ஒருவரும் வேண்டார் எனில், கடைசி வழி பிரித்து அழிப்பது. அதுவும் இழிவானதன்று. நிரந்தரமாக இயங்காத வண்டியைப் பற்றிப் பதினான்கு நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 2021இல் வந்த விதிகளின்படி அமைந்த அங்கீகாரம் பெற்ற மையங்கள் வண்டியைப் பெற்றுக்கொண்டு சான்றிதழ் அளிக்கின்றன. பேட்டரியின் ஈயமும் பழைய எண்ணெயும் மண்ணில் கலவாமல், இரும்பு மீண்டும் உலைக்குச் செல்கிறது. கோயில்களில் சூட்டிக் களைந்த மலர்களிலிருந்து ஊதுவத்தி தயாரிக்கும் பணியை 2021இல் திருமலை தேவஸ்தானம் தொடங்கியது. முடிந்துபோனதாக நாம் நினைப்பது வேறொன்றின் தொடக்கமாகிறது.

பறம்பு மலைத் தலைவன் பாரி, பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரை ஈந்தான். நம் வீட்டு முற்றத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும் காரின்மீதும் கொடி படரத்தான் செய்கிறது. ஆனால் பாரி கொடுத்தது ஓடிக்கொண்டிருந்த தேர்; தான் ஏறிவந்த தேர். கொடுக்க வேண்டும் என்று எண்ணி, மனம் மகிழ்ந்து கொடுத்தான். நாமோ முடிவெடுக்க அஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறோம். துரு தின்ற பிறகு கொடி தானே எடுத்துக்கொள்கிறது.

எனவே சித்தூர் அன்பருக்கு மட்டுமன்றி நம் அனைவருக்கும் சொல்லத்தக்கது இதுவே: பழுது பார்ப்பதும் அறமாகலாம், விற்பதும் அறமாகலாம், கொடுப்பதும் பிரிப்பதும் அறமாகலாம். முடிவெடுக்காமல் தார்ப்பாய் போர்த்தி வைப்பது மட்டுமே அறமாகாது. காலம் நம் கையிலிருந்து பறிப்பதற்கு முன், நாமாக மனமுவந்து விடுவோம்.