பச்சையாக ஒரு கேள்வி

வெனிஸ் நகரத்து ஹாரிஸ் பாருக்கு ஒரு சீமாட்டி வந்தாராம். வேகவைத்த இறைச்சி கூடாது என்று டாக்டர் உத்தரவு. முதலாளி ஜூசெப்பே சிப்ரியானி மாட்டிறைச்சியைப் பச்சையாகவே காகிதம் மாதிரி சீவி, மேலே வெளிர் நிற சாஸைக் கோடு கோடாக ஊற்றிக் கொடுத்தார். அந்தச் சிவப்பைப் பார்த்து, ஓவியர் கார்ப்பாச்சோவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்.

இத்தாலியில் வீட்டிலும் செய்கிறார்கள். வேலை ரொம்பக் கம்மி. கொழுப்பில்லாத துண்டைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்தால் இறுகி, சீவ வரும். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, உப்பு, சீஸ் சீவல். தீர்ந்தது.

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். கத்தி, பலகை, கை, ஏதாவது ஒன்றின் சுத்தம் முன்னே பின்னே இருந்தாலும் அடுப்பு பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இங்கே அடுப்பே இல்லை. எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள். ஃப்ரீசரும் அதைத் தூங்கத்தான் வைக்கும்.

நீங்கள் துணிந்து தின்னலாம், உங்கள் வயிறு. எதிரே ஒரு கர்ப்பிணியோ எண்பது வயதுப் பெரியவரோ உட்கார்ந்திருந்தால்? "இது பச்சைக் கறி, உங்களுக்கு வேண்டாம்" என்றால் விருந்தின் மூடு போய்விடும். சொல்லாவிட்டால், அவர்கள் உடம்பை வைத்து நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள்.

சீமாட்டி தெரிந்து தின்றார். விருந்தாளி பல சமயம் மரியாதைக்காகத் தின்கிறார். அதைச் சம்மதம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

மூடு போனால் போகட்டும், நான் சொல்லிவிடுவேன். அவர்களுக்கென்று வேகவைத்தது ஒரு தட்டு தனியாக இருக்கும்.