ஆற்றலுக்கு உரியவர் யார்?

ஒருவரிடத்து அமைந்த ஆற்றல் அவருக்கே உரியதா, அன்றி அதனை வளர்த்தவர்க்கும் விலை கொடுத்து வாங்குவோர்க்கும் உரியதா என்னும் வினா மிகப் பழமையானது. உழவனுடைய தோள்வலியைப் பற்றியும், தச்சனுடைய கைத்திறனைப் பற்றியும் இவ்வினா எழுந்ததுண்டு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது பந்தாடும் பெண்ணொருத்தியின் காலாற்றல்.

பெண்ணுக்குப் பந்தாட்டம் எதற்கு என்று நகைப்போர் இன்றும் நம்மிடையே உளர். அவர்க்கு ஒரு செய்தி மட்டும் கூறி அப்பாற் செல்வோம். 1920-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக் குடிஸன் பார்க் மைதானத்தில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய பந்தயத்தைக் காண 53,000 மக்கள் திரண்டனர். அடுத்த டிசம்பரிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனத் தீர்மானித்துத் தன்னைச் சார்ந்த மைதானங்களை அவர்க்கு அடைத்துவிட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அத்தடை நின்றது. பெண்ணால் ஆடவியலாது என்பதற்காக அடைத்தவர்கள் 53,000 பேர் கண்ணால் கண்டதை எங்ஙனம் மறந்தனரோ, நாம் அறியோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழி வேறு விதமாகத் திறந்தது. சர்க்கார் பணம் பெறும் கல்விச்சாலைகளில் ஆண் பெண் வேற்றுமை கூடாது என்னும் சட்டம் 1972-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி கையொப்பமாயிற்று. அதற்கு முந்திய பள்ளியாண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். வட கரோலினா சர்வகலாசாலை 1979-ல் பெண்கள் பந்தாட்டக் குழுவொன்றை அமைத்தது. 1982-ல் கலாசாலைகளின் தேசியச் சங்கம் நடத்திய முதற் பெண்கள் கோப்பையையும் அதுவே வென்றது. மியா ஹாம் என்னும் புகழ்வாய்ந்த ஆட்டக்காரியார் அங்குப் பயின்றவரே. மைதானத்துக்குப் பெண் செல்லும் பாதை இங்ஙனம் வகுப்பறையின் வழியாக அமைந்தது.

இப்பாதையில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. நன்மை கல்வி. பெண்கள் தொழிலாக ஆடுவதற்கென 2001-ல் தோன்றிய லீக் மூன்று பருவங்களில் மூடப்பட்டது. 2009-ல் தோன்றிய மற்றொன்றும் மூன்றே பருவங்கள் ஆடி மாண்டது. 2013-ல் இன்றைய தேசியப் பெண்கள் ஸாக்கர் லீக் ஆடத் தொடங்கியபோது, மிகக் குறைந்த சம்பளம் ஒரு பருவத்துக்கு 6,000 அமெரிக்க வெள்ளி. அதே கலாசாலையில் உடன் படித்துப் பள்ளி ஆசிரியையாகச் சென்றவளுக்குக் கிடைத்தது அதனினும் பன்மடங்கு. பந்து கைவிட்டாலும் பட்டம் கைவிடாது என்பதே ஆட்டக்காரிக்கு இருந்த ஒரே துணிவு. சிக்கல் யாதெனின், அவள் ஆட்டத்தால் கலாசாலை பெயர் பெற்றது. ஆயின் தன் பெயரைக் கொண்டு அவள் ஒரு காசு ஈட்டவும் 2021-ம் வருஷம் ஜூலை வரை விதி இடந்தரவில்லை. படிப்புதவி இருந்ததன்றோ எனின், இருந்தது; பதினான்கு பேருக்கு மேற்படாத முழு உதவியை இருபதுக்கு மேற்பட்டோர் பங்கிட்டுக்கொள்ளும் அளவில் இருந்தது.

எனினும் உண்மையான வினா கலாசாலை வாயிலைக் கடக்கும்போதுதான் எழுகிறது. 'டிராப்ட்' என்று அந்நாட்டார் வழங்கும் ஆள்தெரிவு முறை பின்வருமாறு. ஆண்டுதோறும் சங்கங்கள் ஒன்றுகூடும். கடைசியில் நின்ற சங்கம் முதலில் ஒரு பெயரைச் சொல்லும்; பின்னர் அடுத்தது; இவ்வாறே வரிசை. பெயர் சொல்லப்பட்டவள் அந்த லீக்கில் ஆடவேண்டுமாயின் அச்சங்கத்துக்கே ஆடவேண்டும். அவளுடைய இல்லம் கிழக்குக் கடற்கரையில் இருக்கலாம். சங்கம் மேற்குக் கடற்கரையில் இருக்கலாம். மறுப்பின் அயல் நாடு செல்லலாம், அல்லது பந்தை மறக்கலாம். பெயர் சொல்லும் முறையையே சங்கங்கள் தமக்குள் பணத்துக்கும் ஆளுக்கும் மாற்றிக்கொள்வதும் உண்டு.

இதனை நம் பாட்டன்மாரைக் கடல் கடத்திய ஒப்பந்தக் கூலிமுறையோடு ஒப்பிடுவது மிகையாகும். அங்கே பட்டினி முதுகில் உந்திற்று; இங்கே பட்டம் கையில் இருக்கிறது. ஆயினும் தோட்டத்து மக்களுக்கு ஒன்று எளிதில் விளங்கும்: எந்த ஊரில் எவர் கீழ் உழைப்பது என்பதை உழைப்பவரைக் கேளாமலே பிறர் முடிவு செய்தல் என்றால் என்ன என்பது.

இம்முறையை ஆதரிப்போர் கூறும் நியாயம் அற்பமானதன்று. தெரிவு முறை இல்லையேல் செல்வச் சங்கம் சிறந்தவரையெல்லாம் வாரிக்கொள்ளும். எளிய சங்கம் தோற்றுத் தோற்று அழியும். சங்கங்கள் அழிந்தால் லீக் அழியும். லீக் அழிந்தால் ஆட்டக்காரி எங்கே ஆடுவாள்? இரண்டு லீக்குகள் மாண்ட நாட்டில் இவ்வச்சத்தை வீண் என்று தள்ளுதல் இயலாது. பொதுநலத்துக்காக ஒருவர் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தல் அறமேயாகும் என்பதையும் நாம் ஒப்புகிறோம்.

ஆனால் விட்டுக்கொடுத்தல் வேறு, பறிகொடுத்தல் வேறு. இந்த ஏற்பாட்டை எவர் எவரோடு பேசி முடித்தனர்? லீக்கில் ஆடுவோரின் முதற் கூட்டு ஒப்பந்தமே 2022-ல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் ஒன்பது வருஷங்கள் ஆள்தெரிவு நடந்தது ஒருவரது இசைவுமின்றி. ஒப்பந்தம் வந்த பின்னரும், தெரிவு செய்யப்படும் பெண் அன்று கலாசாலை மாணவி. தொழிற்சங்கத்தில் அவளுக்கு ஓட்டு இல்லை. தன் வாழ்வைக் கட்டும் விதியில் தன் குரல் சிறிதும் இல்லாதவளைப் பார்த்துப் 'பொதுநலத்துக்காகப் பொறு' என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

போக இடமில்லாதவரிடத்து அதிகாரம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2021-ல் பயிற்சியாசான்களின் இழிசெயல்களைப் பற்றி ஆட்டக்காரிகள் வெளிப்படையாகப் பேசினர். அவ்வருஷம் அக்டோபரில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது, ஆறாம் நிமிஷத்தில் இரு பக்கத்தாரும் ஆட்டத்தை நிறுத்தி, மைதானத்தின் நடுவில் தோளோடு தோள் சேர்ந்து மௌனமாய் நின்றனர். முறையீடு காதில் ஏற ஆறு வருஷங்கள் ஆயின என்பதற்கு அறிகுறியாம் அது. மறு வருஷம் வெளியான ஸாலி யேட்ஸ் அம்மையாரின் விசாரணை அறிக்கை, அக்கொடுமை ஒரு சங்கத்தோடோ ஓர் ஆசானோடோ நின்றதன்று என்று கண்டது. ஆள்தெரிவுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நாம் கூற வரவில்லை. சங்கத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை இல்லாதவள் வாய் திறக்க இருமுறை எண்ணுவாள் என்று மட்டுமே கூறுகிறோம்.

நவோமி கிர்மா என்னும் நங்கையின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குக் காலிபோர்னியாவில் பிறந்தவர். ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக் குழுவில் 2019-ல் தேசியக் கோப்பை வென்றவர். 2021 டிசம்பரில் நடந்த ஆள்தெரிவில் ஸான் டியாகோ சங்கம் முதற் பெயராக இவர் பெயரைச் சொல்லிற்று. அது பெரும் புகழ். ஆயின் அவர் தேர்ந்தெடுத்தது அன்று. 2025 ஜனவரியில் லண்டன் செல்ஸி சங்கம் இவரைப் பத்து லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் கொடுத்து அழைத்துக்கொண்டது. பெண்கள் ஆட்டத்தில் அத்தொகையைக் கடந்தது அதுவே முதல் தடவை. இம்முறை அவர் இசைந்து கையொப்பமிட்டாலன்றி எத்தனை லட்சமும் பயன்பட்டிரா. ஒரே கால், ஒரே ஆற்றல்; முதல் தடவை பெயர் வாசிக்கப்பட்டது, இரண்டாம் தடவை சம்மதம் கேட்கப்பட்டது.

2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வெளியான புது ஒப்பந்தம் ஆள்தெரிவையே ஒழித்தது. ஆட்டக்காரியின் சம்மதமின்றி அவளை வேறு சங்கத்துக்கு மாற்றுதலும் ஒழிந்தது. குறைந்த சம்பளம் 2025-ல் 48,500 வெள்ளியாகவும் 2030-ல் 82,500 வெள்ளியாகவும் உயர வகை செய்யப்பட்டது. இவற்றுள் நம் உள்ளத்தைக் கவர்வது முதலாவதே. சம்பள உயர்வு பேரம் பேசியவர்க்கே வரும் பயன். ஆள்தெரிவை ஒழித்ததில் அவர்க்கு வரும் பயன் யாது? அவர்கள் முன்னரே தெரிவு செய்யப்பட்டவர்கள். இன்னும் வாயிலுக்கு வராத, பெயரும் அறியாத மாணவிகளுக்காக அவர்கள் வழக்காடினர். ஓட்டு இல்லாதவளுக்கு ஓட்டு உடையவள் குரலானாள். வேலையில் நிலைத்தவர் புதிதாய் வருவோரை மறந்து பேரம் முடிப்பதை நாம் எத்தனை தொழில்களில் கண்டிருக்கிறோம்!

சுதந்தரம் வந்தவுடன் எல்லார்க்கும் பந்து கிடைத்துவிடும் என்பதில்லை. 2024 ஜனவரியில் நடந்த இறுதி ஆள்தெரிவில் 56 பெயர்கள் வாசிக்கப்பட்டன. இனிப் பெயர் வாசிப்பார் இல்லை. சிறந்தவளைத் தேடிச் சங்கங்கள் பல வரும். நடுத்தரமானவள் தானே கடிதம் எழுதித் தன் செலவில் ஊர் ஊராகச் சென்று தன் ஆட்டத்தைக் காட்டவேண்டி வரலாம். சில வாயில்கள் அவளுக்குத் திறவாமலும் போகும். அப்பொழுதும் எந்த வாயிலைத் தட்டுவது என்பதை அவளே முடிவு செய்வாள்.