மரியாதைக் குறைவு

கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது தனிக் கலை. தாய்மாமனுக்கு எந்த வரிசை, பெரியப்பாவுக்கு எந்த எழுத்தளவு, காலமானவர் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ போடுவதா ‘லேட்’ போடுவதா என்று பஞ்சாயத்து நடக்கும். அச்சகத்துக்காரர் எத்தனை முறை புரூஃப் அனுப்பினாலும் யாராவது ஒருவர் விடுபட்டுப் போவார். எங்கள் உறவில் நடந்த ஒரு கல்யாணத்தில் அந்த ஒருவர், எனக்குத் தூரத்து முறையில் மாமா. முழுக்க விடுபட்டார் என்றும் சொல்ல முடியாது. மற்ற மாமாக்களோடு சேர்க்காமல், கடைசிப் பக்கத்தில், ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்ற வரிக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் இருந்தார்.

கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார். பந்திக்கு மட்டும் போகவில்லை. மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பிடக் கூப்பிட்டதும் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். நாலாக மடித்துக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

“கண்ணாடி போட்டும் தெரியல மாப்ள. நீயாவது படிச்சுச் சொல்லு, இதுல நான் எங்க இருக்கேன்?”

“அந்தாளுக்குத் தலைக்கனம்” என்று உள்ளே பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு அது தலைக்கனமாகத் தெரியவில்லை. மனுஷருக்குக் கீழுதடு நடுங்கியது. இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் அழுதிருப்பார். அது கர்வமா, காயமா? வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இரண்டும் ஒன்றேதான் என்று சொல்கிற ஒரு தத்துவம் நம்மிடம் இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு அது அவ்வளவாக ஒத்துவராது என்பதால் அதிகம் பேசுவதில்லை. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் மலங்கள், அதாவது அழுக்குகள், மூன்று என்கிறது: ஆணவம், கன்மம், மாயை. இவற்றில் மூத்தது ஆணவம். நம் வழக்கில் ஆணவக்காரன் என்றால் மீசையை முறுக்குகிறவன், பதில் வணக்கம் சொல்லாதவன், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறவன். சித்தாந்தி சொல்கிற ஆணவம் அதற்கும் முந்தியது. உயிர் இயல்பில் எங்கும் விரியக்கூடியது. அதன் அறிவையும் விருப்பத்தையும் செயலையும் மறைத்து, ‘நான் இவ்வளவுதான்’ என்று குறுக்கி வைப்பது எதுவோ அதுவே ஆணவம். குறுகிப்போனவனுக்குத்தான் தன்னைப் பெருக்கிக் காட்டும் அவசரம் வருகிறது. மீசை முறுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பாடத்துக்கு ஒரு கதை உண்டு. வரலாறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மரபு சொல்லிவருகிற கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டு, பெண்ணை ஆற்றங்கரைத் திருவெண்ணெய்நல்லூர். (சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்திய கிழவர், கிழவராக வந்த சிவன், ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்டி வழக்காடி வென்றதும் இதே ஊரில்தான். ‘நான்’ என்பதற்கு ராசியில்லாத ஊர்.) அங்கே மெய்கண்டார் என்ற பிள்ளை சிவஞான போதம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டே சூத்திரம். ஊர்ப் பெரியவர்களே உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் குலகுரு சகலாகம பண்டிதர். பெயரிலேயே தெரிகிறது, ஆகமம் அத்தனையும் கற்றவர். பிள்ளை பிறப்பதற்கு முன் பெற்றோர் ஆலோசனை கேட்டுப் போனதே அவரிடம்தான். அவர் ஊருக்கு வருகிறார். சீடர்கள் எல்லாரும் எதிர்கொண்டு வணங்க வருகிறார்கள், பிள்ளை வரவில்லை. பண்டிதருக்குச் சுருக்கென்றது. நேரே பாடம் நடக்கிற இடத்துக்கே போய் நின்றார். அப்போது நடந்துகொண்டிருந்தது ஆணவ மலம் பற்றிய பாடம். “ஆணவத்தின் வடிவம் என்ன?” என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அவர் நின்ற நிலையை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். பண்டிதர் அப்படியே காலில் விழுந்தார். அருணந்தி சிவாச்சாரியார் என்று நாம் அறிகிற ஆசிரியர் அன்று பிறந்தவர்.

கேட்டிருக்கிற சொற்பொழிவுகளில் எல்லாம், செருக்கோடு வந்த பண்டிதர் திருந்தினார் என்று இந்தக் கதையை முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவு போதவில்லை. அவர் வாசலில் வந்து நின்றபோது அவருக்குள் என்ன இருந்திருக்கும்? ‘எல்லாம் கற்ற எனக்கு’ என்பது பாதிதான். ‘என்னை மதிக்கவில்லையே’ என்பது மீதி. வயதான காலத்தில், தான் தூக்கி வளர்த்திருக்கக்கூடிய ஒரு சிறுவன் தன்னை மறந்துவிட்டானே என்ற வலி. பிள்ளை பார்த்தது அந்த வலியையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். என் நினைப்புக்கு அருணந்தியே சாட்சி. ஆசிரியரைக் கேள்வி கேட்டு அவர் எழுதிய இருபா இருபஃதில் ஆணவத்தின் குணங்களை எட்டாக எண்ணுகிறார். குரோதம், செருக்கு, பிறரைப் பார்த்து நகைப்பது எல்லாம் அதில் இருப்பதில் வியப்பில்லை. துயரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சித்தாந்த ஆசிரியர்களான சந்தான குரவர் வரிசையில் நான்காமவரான உமாபதி சிவத்தின் கதை இதற்கு நேர் எதிர்த்திசை. தில்லைவாழ் அந்தணர், பூசை முடித்துப் பல்லக்கில், பகலிலேயே தீவட்டி பிடிக்கச் சகல மரியாதையோடு வீடு திரும்புகிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்த மறைஞான சம்பந்தர், ‘பட்டுப்போன மரத்தின் மேல் பகலில் கண் தெரியாத ஒருவன் போகிறான்’ என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்கிறார். உமாபதி இறங்கி அவர் பின்னாலேயே நடந்துவிட்டார். மரியாதை கிடைக்காமல் வெந்தவர் ஒருவர், மரியாதையின் மேல் ஏறிப் போனவர் இன்னொருவர். மருந்து இரண்டு பேருக்கும் ஒன்று. பின்னாளில் உமாபதி நூறு குறள் வெண்பாவில் எழுதிய திருவருட்பயனில் ஆணவத்தை இருட்டோடு வைத்துப் பேசுகிறார். இருட்டு எதையும் காட்டாது என்றாலும், இருட்டாக இருக்கிறது என்பதையாவது நமக்குத் தெரிவிக்கும். ஆணவம் அதையும் தெரிவிக்காது. வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் போய் ‘இது உங்கள் ஆணவம்’ என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் அறிந்த வரையில் அது பொய். அவருக்குத் தெரிந்தது வலி மட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. குறை என்பதெல்லாம் மனசின் மயக்கம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போவது அயோக்கியத்தனம். டீக்கடையில் தனிக் குவளை நீட்டப்பட்டவனுக்கு வருகிற கொதிப்பு ஆணவ மலம் அல்ல. அங்கே மலம் குவளையை நீட்டுகிற கையில் இருக்கிறது. தகுதியான இடத்தை ஒருவர் கேட்டால் ‘ஈகோவை விடுங்க’ என்று உபதேசம் செய்ய நம் அலுவலகங்களில் ஆள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். வயிறு காய்கிறவனிடம் சூத்திரம் பேச முடியாது என்பது இராமலிங்க அடிகளுக்குத் தெரிந்திருந்தது. 1867-ல் வடலூரில் அவர் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார், அது இன்றும் எரிகிறது. நான் பேசுவது, வயிறு நிறைந்து, வீட்டுக்கடன் பாதி அடைந்து, பிள்ளைகளும் ஒருமாதிரி கரையேறிய பிறகும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிடுகிற குறையைப் பற்றி. கூடப் படித்தவன் கிரகப்பிரவேசப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டிருப்பான். அதில் அவன் வீட்டைப் பார்க்க மாட்டோம், நம் வீட்டைத்தான் பார்ப்போம்.

அந்த ராத்திரிகளுக்குத் திருவண்ணாமலையிலிருந்து ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. 1896-ல் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர், 1902-ல் விரூபாட்ச குகையில் இருக்கிறார். பேச்சு இல்லை. வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேள்விகளாகக் கேட்க, அவர் பதில்களை எழுதிக் காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகம். எந்த எண்ணம் எழுந்தாலும், அது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறார் ரமணர். ‘எனக்குக் குறை’ என்றால், குறையைத் துழாவுவதை விட்டுவிட்டு அந்த ‘எனக்கு’ எங்கிருந்து முளைக்கிறது என்று தேட வேண்டும். தேடப் போனால் அங்கே ஆள் இருக்க மாட்டான் என்கிறார்.

இதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் என் போன்ற படிப்பாளிகள் கையில் இது வழுக்குகிறது. ‘யாருக்கு?’ என்று ரெண்டு தடவை கேட்டதும் ‘நான் எவ்வளவு ஆழமாக விசாரிக்கிறேன்’ என்ற திருப்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். விசாரணை அதிகாரியே குற்றவாளியாக இருக்கிற வழக்கு இது. ‘நான் ஒண்ணுமே இல்லீங்க’ என்று கைகூப்புகிற பணிவும் பல சமயம் இந்த ரகம்தான். அப்படிச் சொன்னவரிடம் ‘ஆமாம், நீங்கள் ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். தன்னம்பிக்கை வகுப்புகளோ எதிர்ப்பக்கத்திலிருந்து வருகின்றன. ‘நீ சிங்கம்’ என்று கத்தச் சொல்கிறார்கள். பணம் கட்டிக் கத்திவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வரை தாங்கும்.

அருணந்தி என்ன வழி சொன்னார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பெரிய நூலான சிவஞான சித்தியாரில் சரியை என்ற முதல் படியை விளக்கும்போது, கோயில் தரையைப் பெருக்குவது, மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது, விளக்கு ஏற்றுவது என்று வரிசையாகச் சொல்கிறார். எதிர்கொண்டு வரவேற்கவில்லை என்று கொதித்த பண்டிதர் எழுதியது இது. இதற்கு மேலே கிரியை, யோகம், ஞானம் என்று மூன்று படிகள் உண்டு. அங்கே எனக்கு வேலையில்லை, முதல் படிக்கே இன்னும் மூச்சு வாங்குகிறது.

அப்பர் கையில் புல் செதுக்கும் உழவாரம் இருந்தது அல்லவா, அந்தப் பெயரில் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களைச் சுத்தம் செய்யக் குழுக்கள் கிளம்புகின்றன. நானும் அவ்வப்போது போவதுண்டு. விமானத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது எளிது போலத் தெரியும். மேலே நாலு இலை இருந்தால் உள்ளே ஒரு முழம் வேர் ஓடியிருக்கும். இழுத்தால் பாதியில் அறுந்துவிடும், அடுத்த மழைக்கு மறுபடி தளிர்க்கும். அரிவாள் முனையால் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி வேரைத் தளர்த்த வேண்டும். முழங்கால் கல்லில் தேயும், எறும்பு கடிக்கும். அந்த நேரத்தில் எனக்கு என்ன குறை, யார் என்னை மதிக்கவில்லை என்பதெல்லாம் நினைவுக்கு வராது. அதை அடக்கினேன் என்று சொன்னால் பொய். அதற்கு அங்கே நேரமில்லை, அவ்வளவுதான். அமைதி என்று நான் அறிந்தது பெரும்பாலும் இப்படி, ஆள் வேறெங்கோ இருக்கும்போது பின்வாசல் வழியாக வந்துபோனது. தியானத்தில் உட்கார்ந்து அதை எதிர்பார்த்த நாட்களில் கால்தான் மரத்தது.

இதையும் பெரிதாக்கிச் சொல்ல வேண்டாம். குழுவுக்கு டி-ஷர்ட் உண்டு, உபயதாரர் பெயரோடு பேனர் உண்டு, வேலை முடிந்ததும் குரூப் போட்டோ உண்டு. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. என் பாதித் தோளும் ஒரு காதும் மட்டும் விழுந்திருந்தன. அரை நாள் இல்லாமல் இருந்தவன் உடனே ஆஜராகிவிட்டான்: ‘மேலே ஏறி அவ்வளவு வேலை பார்த்தது யாரு?’

சித்தாந்தத்தில் எனக்கு முதலில் கசந்த ஒரு கருத்து, இந்த மாதிரிச் சமயங்களில்தான் இனிக்கிறது. ஆணவம் அழிவதில்லை என்பார்கள். முத்தி நிலையிலும் அது இருக்கும், அதன் வலிமை மட்டும் அடங்கிக் கிடக்கும். இவ்வளவு பாடுபட்டும் ஒழியாதா என்று ஒருகாலத்தில் எரிச்சல் வந்தது. இப்போது, ஒழிக்கச் சொல்லவில்லையே என்று மூச்சு விட முடிகிறது. ‘நான்’ என்பதைக் கொல்லக் கிளம்பியவர்கள் அதையே இருபத்துநாலு மணி நேரமும் கவனித்துக்கொண்டு, கடைசியில் அதற்குத் தனி அறை கட்டிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். குறை எழும், எழட்டும். அது சொல்கிற பக்கமெல்லாம் ஓடவேண்டியதில்லை என்ற அளவுக்கு அதன் குரல் தணிந்தால் எனக்குப் போதும்.

காலில் விழுந்ததோடு அருணந்திக்கு எல்லாம் அடங்கிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இருபா இருபஃது இருபது பாட்டு, வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி மாறி அந்தாதியாக ஓடுகிறது. மலம் என்னை எப்படிப் பிடித்தது, நீ வந்து எடுத்தாய் என்றால் எடுத்தது எப்படி, எடுத்த பிறகு நான் யார் என்று, அந்தப் பெரியவர் அந்தச் சின்னப் பிள்ளையை விடாமல் கேட்டுக்கொண்டே போகிறார்.