குன்ஸா: அல்லாஹ்வின் படைப்பும் நம் கடமையும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். கருவறைகளில் தான் நாடியவாறு உருவமைக்கும் வல்ல நாயனுக்கே எல்லாப் புகழும் உரியது. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். விளக்கை அணைக்கப் போன நான், தூணோரம் ஒரு வாலிபர் தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். "என்ன தம்பி, வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "ஹஜ்ரத், புள்ள பொறந்து மூணு நாளாச்சு. காதுல பாங்கு சொல்லலாமா?" என்றார்.

"இதுல என்ன கேள்வி? முதல் நாளே சொல்லியிருக்கணுமே" என்றேன்.

"ஆணா பொண்ணான்னு டாக்டராலயே இன்னும் சொல்ல முடியல ஹஜ்ரத். அது தெரியாம பாங்கு சொல்லக் கூடாதுன்னு வீட்டுப் பெரியவங்க தடுத்துட்டாங்க. வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லும்போதே அவர் குரல் அடைத்துவிட்டது.

பிறந்த குழந்தையின் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்வது சுன்னத்து. அதற்கு ஆண், பெண் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. "இப்பவே போய்ச் சொல்லுங்க தம்பி" என்று அனுப்பிவைத்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி நம் கிதாபுகளில் எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. அதில் ஒரு வரிகூட அந்த வீட்டுக்கு எட்டவில்லையே! ஓதியவர்களாகிய நாங்கள் மிம்பரில் நின்று இதைப் பேச வெட்கப்பட்டோம். நாங்கள் வாய் திறக்காததால் அறியாமை மார்க்கத்தின் பெயரால் பேசிவிட்டது. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

குன்ஸா என்பவர் யார்?

ஆணுக்குரிய உறுப்பும் பெண்ணுக்குரிய உறுப்பும் சேர்ந்து அமையப் பிறந்தவர்; அல்லது இரண்டுமின்றிச் சிறுநீர் கழிக்கும் துவாரம் மட்டும் உள்ளவர். இவரையே பிக்ஹு கிதாபுகள் 'குன்ஸா' என்கின்றன. அடையாளங்களால் ஆண் என்றோ பெண் என்றோ தெளிவாகிவிட்டால் அவருக்கு அந்தச் சட்டமே உரியது. தெளிவாகாமல் இருப்பவர் 'குன்ஸா முஷ்கில்' எனப்படுவார். இக்காலத் தமிழில் ஊடுபால், இடைப்பாலினம் என்று சொல்லுகிறார்கள். ஆணுடலோடு பிறந்து பெண்ணின் நடை, பேச்சு உடையவரைக் கிதாபுகள் 'முகன்னஸ்' என்று வேறு பெயரிட்டு வேறு பாடத்தில் பேசுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சூரத்துஷ் ஷூராவின் 49, 50ஆம் வசனங்களில், அல்லாஹ் தான் நாடியதைப் படைக்கிறான் என்று முதலில் பொதுவாகக் கூறிவிட்டு, நாடியவருக்குப் பெண்மக்களையும், நாடியவருக்கு ஆண்மக்களையும், சிலருக்கு இரு பாலாரையும் அளிப்பதையும், சிலரை மலடாக்குவதையும் கூறுகிறான். ஆண், பெண் என்று இரண்டுதானே சொல்லப்பட்டிருக்கிறது, குன்ஸா என்று ஒருவர் இருக்க முடியாது என்று வாதிட்டோர் அக்காலத்திலும் இருந்தார்கள். அண்டலூசியா நாட்டு மாலிகீ மத்ஹப் பேரறிஞர் காழீ அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 543) இவ்வாதத்தைக் கடுமையாக மறுத்தார்கள். அல்லாஹ் நாடியதைப் படைக்கிறான் என்ற பொதுச் சொல்லுக்குள் இவர்களும் அடங்குவர், இதை மறுப்பது இறைவனின் வல்லமையின் விரிவை அறியாமையே என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அதோடு தம் மாணவப் பருவத்துச் செய்தி ஒன்றையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். தம்முடன் ஒரே ஆசிரியரிடம் பாடம் ஓதிய மேற்கு நாட்டுத் தோழர் ஒருவர் குன்ஸாவாக இருந்தாராம். நெடுநாள் பழகியும் வெட்கத்தால் அவரிடம் அதைப் பற்றிக் கேட்காமலே இருந்துவிட்டதாகச் சொல்லுகிறார்கள். சகோதரர்களே, கவனியுங்கள்! ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குன்ஸா பாடசாலையில் சக மாணவராக அமர்ந்து ஓதியிருக்கிறார். இன்று நம் ஊர் மதரஸாவில் அப்படி ஒரு பிள்ளையை உட்கார விடுவோமா?

ஆடு மேய்த்த பெண் அவிழ்த்த முடிச்சு

இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில் ஆமிர் இப்னு ழரிப் என்ற பெரிய தீர்ப்பாளர் இருந்தார். எந்த வழக்கானாலும் அரபிகள் அவரிடமே வருவார்கள். ஒரு முறை குன்ஸாவின் வழக்கு வந்தது. இவரை ஆணாகக் கொள்வதா, பெண்ணாகக் கொள்வதா? அவருக்கு விடை தோன்றவில்லை. இரவெல்லாம் படுக்கையில் புரண்டார். அவருடைய ஆடுகளை மேய்க்கும் அடிமைப்பெண் ஸுகைலா, காலையில் தாமதமாகப் போகிறாய், மாலையில் தாமதமாக வருகிறாய் என்று அவரிடம் நாளும் ஏச்சு வாங்குபவள். எஜமானரின் தவிப்பைக் கண்டு அவள் காரணம் கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்று விரட்டியவர், பின்னர் சொல்லிவிட்டார். அவளோ, இதற்கா இத்தனை கவலை, எவ்வழியே சிறுநீர் கழிகிறதோ அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள் என்றாள். மகிழ்ந்துபோன அவர், இனி நீ எவ்வளவு தாமதித்தாலும் ஏச மாட்டேன் என்றாராம். இப்னு ஹிஷாமின் ஸீரா நூலில் இச்சம்பவம் உள்ளது.

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களும் குன்ஸாவுக்குச் சிறுநீர் கழியும் வழியைக் கொண்டே வாரிசுப் பங்கைத் தீர்மானித்ததாக அறிவிப்பு உண்டு. மார்க்க அறிஞர்கள் இதில் ஒன்றுபட்டிருப்பதாக இமாம் இப்னுல் முன்திர் (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். அவ்வடையாளத்தால் தெளிவாகாவிட்டால் பருவ வயது வரை பொறுக்க வேண்டும். அப்போது இந்திரியம் வெளிப்படுகிறதா, மாதவிடாய் வருகிறதா என்று பார்க்கப்படும். அதிலும் தெளிவு இல்லையென்றால், தம் இயல்பு எப்பக்கம் சாய்கிறது என்று அவரே சொல்ல வேண்டும், அச்சொல்லை ஏற்க வேண்டும் என்று நம் ஷாபிஈ மத்ஹப் கூறுகிறது. தமக்குத் தெரிந்ததை அவர் மறைக்கவும் கூடாது, சொன்ன பின் விருப்பம்போல் மாற்றவும் கூடாது. அவர் உள்ளத்தை அவருக்குப் பதிலாக ஊரார் தீர்மானிக்க இங்கே இடமில்லை.

முஷ்கில் யாருக்கு?

'முஷ்கில்' என்றால் சிக்கலானது என்று பொருள். இந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது? மதரஸாவில் தப்ஸீர் ஜலாலைன் ஓதும்போது சூரத்துல் லைலின் மூன்றாம் வசனத்தில் உஸ்தாத் பாடத்தை நிறுத்தினார்கள். ஆணையும் பெண்ணையும் படைத்தவன் என்ற அந்த இடத்தில் இமாம் ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்) அவர்கள் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். குன்ஸா முஷ்கில் என்பவர் நம்மிடத்தில்தான் தெளிவற்றவர். அல்லாஹ்விடத்தில் அவர் ஆணோ பெண்ணோ ஆவார் என்பது அதன் கருத்து. ஆகவே, எந்த ஆணோடும் எந்தப் பெண்ணோடும் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் ஒரு குன்ஸாவோடு பேசினாலும் சத்தியம் முறிந்துவிடும்.

மாணவர்கள் சிலர் சிரித்தோம். உஸ்தாத் சிரிக்கவில்லை. "ஏனப்பா சிரிக்கிறீங்க? படைச்சவனுக்கு இதுல ஒரு சந்தேகமும் இல்ல. சந்தேகம் நமக்குத்தான். நமக்குத் தெரியலங்கிறதுக்காக அவரைக் கணக்கிலேர்ந்து தள்ளிட முடியுமா?" என்றார்கள். அந்த வாலிபர் தூணோரம் அழுத இரவில்தான் அச்சொல்லின் முழுக் கனமும் எனக்குப் புரிந்தது.

பள்ளியிலும் பாகத்திலும் இடம்

ஜமாஅத் தொழுகையின் ஸஃப்பு வரிசையைப் பாருங்கள். முதலில் ஆண்கள், பின் சிறுவர்கள், அடுத்து குன்ஸாக்கள், அவர்களுக்குப் பின் பெண்கள். தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்ஜு எல்லாம் அவர்களுக்கும் கடமை. தொழும்போது பெண்ணைப் போல் உடலை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது பேணுதலுக்கான சட்டம். இறந்தால் குளிப்பாட்டு, கபன், ஜனாஸாத் தொழுகை, அடக்கம் யாவும் உண்டு. குறைப்பிரசவத்தில் விழுந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத சிசுவுக்குக்கூட இரு பாலார்க்கும் பொருந்தும் பெயரைச் சூட்டலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) தம் அத்கார் கிதாபில் எடுத்தெழுதியிருக்கிறார்கள்.

வாரிசுரிமையிலும் அவர் விடுபடவில்லை. ஒருவர் 6 லட்ச ரூபாய் விட்டு இறந்தார். வாரிசு ஒரு மகனும், இன்னும் தெளிவாகாத ஒரு குன்ஸாவும் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். குன்ஸா ஆணானால் ஆளுக்கு 3 லட்சம். பெண்ணானால் மகனுக்கு 4 லட்சம், அவருக்கு 2 லட்சம். ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொருவருக்கும் உறுதியான குறைந்த பங்கு தரப்படும். அதாவது மகனுக்கு 3 லட்சம், குன்ஸாவுக்கு 2 லட்சம். மீதி 1 லட்சத்தை, நிலை தெளிவாகும் வரை அல்லது இருவரும் சமாதானமாகும் வரை நிறுத்திவைக்க வேண்டும். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களிடம் குன்ஸாவுக்குக் குறைந்த பங்கான 2 லட்சம். மாலிகீ மத்ஹபில் இரு நிலைகளின் சராசரியாக 2½ லட்சம். கணக்கில் வேறுபாடு உண்டே தவிர, ஒன்றும் இல்லை என்று எந்த இமாமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையைப் பத்திரத்தில் பெயரே இல்லாமல் ஒதுக்கும் குடும்பத்தார், மறுமையில் என்ன பதில் சொல்லுவார்கள்?

மருத்துவமும் அவசரமும்

பெண் குரோமோசோம் உள்ள குழந்தை, அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறால் வெளித்தோற்றத்தில் ஆணைப் போல் பிறக்கலாம். ஆண் குரோமோசோம் இருந்தும் உடல் ஆண் சுரப்பு நீரை ஏற்காததால், பெண்ணாகவே வளர்ந்து மாதவிடாய் வராமல் போவதும் உண்டு. இவற்றில் தாயின் குற்றம் எதுவும் இல்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், பேய் பிடித்தது என்பனவெல்லாம் வீண் பேச்சு.

அட்ரினல் கோளாறு உயிரையே பறிக்கக்கூடியது என்பதை ஒவ்வொரு தாயும் அறிய வேண்டும். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் உடலின் உப்புச்சத்து வெளியேறி, குழந்தை பால் குடிக்காமல், வாந்தியெடுத்து, துவண்டுவிடும். உடனே மருந்து கொடுத்தால் பிழைக்கும். மருந்தை விடாமல் கொடுத்துவந்தால் நன்கு வளரும். வெட்கத்தால் மறைத்துவைத்தால் மய்யித்தாகிவிடும். இக்கோளாறு, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுக் குறையால் வருவது. அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இவ்வகைக் குறை கூடுதலாக வெளிப்படும். மாமன் மகளை மணப்பது ஹலால்தான். ஆயினும் வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், அடுத்த கல்யாணத்துக்கு முன் மருத்துவரிடம் கலந்துகொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை கூடுமா என்று கேட்கிறார்கள். ஆண், பெண் அடையாளங்கள் கலந்திருப்பவருக்குச் சிகிச்சை செய்து நிலையைத் தெளிவாக்குவது நோய் தீர்ப்பதே. அது படைப்பை மாற்றுவது ஆகாது என்று மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீகின் பிக்ஹு சபை 1989இல் முடிவு செய்தது. ஆனால் கூடும் என்பது வேறு, பச்சிளங்குழந்தையிலேயே அவசரப்பட்டு அறுப்பது வேறு. குன்ஸா முஷ்கிலுக்குக் கத்னா செய்வதையே இமாம் நவவீ (ரஹ்) கூடாது என்றார்கள். சந்தேகத்தை வைத்துக்கொண்டு உடலைக் காயப்படுத்தக் கூடாது என்பது அதற்குக் காரணம். இதற்கு ஒத்தாற்போல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர ஊடுபால் சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் பால் சீரமைப்பு அறுவை செய்வதைத் தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் தடை செய்தது.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோரே! அக்குழந்தைக்குப் பாங்கு சொல்லுங்கள், பெயர் வையுங்கள், ஓத அனுப்புங்கள். ஊரெல்லாம் பறைசாற்றத் தேவையில்லை. மருத்துவரிடமும் மஸ்அலா அறிந்த ஆலிமிடமும் மறைக்கவும் வேண்டாம். நிலை தெளிவாகும் முன் நிகாஹ் பேசாதீர்கள். உண்மையைச் சொல்லாமல் ஒரு பிள்ளையைக் கட்டிவைப்பது இரண்டு வீட்டாருக்கும் செய்யும் துரோகம். ஜமாஅத்தாரே! ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைப் பரிகசிக்கக் கூடாது, பட்டப் பெயர் சூட்டி அழைக்கக் கூடாது என்று சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருக்கிறது. தெருவில் அப்பிள்ளையைப் பார்த்து எறியும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. இமாம்களே! இப்பாடத்தைக் கிதாபுக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

அந்த வாலிபர் மறுநாள் பஜ்ருத் தொழுகைக்கு வந்தார். "பாங்கு சொன்னேன் ஹஜ்ரத். கண்ணை முழிச்சுப் பாத்துச்சு" என்றார். தடுத்த பெரியவர்களும் பக்கத்தில் நின்று கேட்டார்களாம்.

கருவறையில் நாடியவாறு உருவமைப்பவனே! நீ படைத்த எவரையும் இழிவாகப் பார்க்காத கண்களை எங்களுக்குத் தந்தருள்வாயாக! அந்தப் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் ஈமானையும் கண்ணியத்தையும், அவர்களைப் பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் அருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.