டிரைவர் எங்கே சாப்பிடுவார்?

சனிக்கிழமை விடியற்காலையில் சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு வாடகை வேன் புறப்படத் தயாராக இருக்கும். தண்ணீர் கேன், முறுக்கு டப்பா, பாட்டிக்கு ஒரு தலையணை எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும். எங்கே என்று கேட்டால் ‘பாண்டி’ என்பார்கள். 2006இல் புதுச்சேரி என்று அரசாங்கமே பெயரை மாற்றி விட்டது. நம் வாய்தான் மாறவில்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய் ஈ.சி.ஆரைப் பிடிக்கலாம். இல்லையா, ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு, திண்டிவனம் என்று போகலாம். எப்படிப் போனாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரமும் வேனுக்குள் ஒரே விவாதம்தான். மதியம் எங்கே சாப்பிடுவது?

காலேஜ் படிக்கிற மகளுக்கு, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த தெருவில் மரத்தடியில் நாற்காலி போட்ட கஃபே வேண்டும். மாமனாருக்கு வாழை இலையும் ரசமும் போதும். மைத்துனர் மட்டும் குரலைத் தாழ்த்தி, “அங்க பீர் கிடைக்குமா?” என்பார். மொபைலில் நட்சத்திரங்களை எண்ணுவார்கள். எவனோ ஒருவன் ‘சர்வீஸ் ஸ்லோ’ என்று எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிப்பார்கள். கடைசியில் ஓட்டெடுப்பு கூட நடக்கும். ஏழு பேர், ஏழு ஓட்டு.

வேனில் எட்டாவதாக ஒருவர் இருக்கிறார். ஸ்டீயரிங் அவர் கையில் இருக்கிறது. அத்தனை பேச்சும் அவர் காதில் விழுகிறது. அவருக்கு ஓட்டு கிடையாது.

இந்த வாரம் அவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

பாண்டி சின்ன ஊர். ஆனால் எங்கே சாப்பிடுவது என்று திணற வைக்கிற ஊர். நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே கடலை ஒட்டி வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். மேற்கே தமிழர்கள் வாழ்ந்தார்கள். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே அவற்றுக்குப் பெயர். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. வாய்க்கால் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகலாம், உட்காரலாம், சாப்பிடலாம். கடற்கரைப் பக்கம் ஒரு காபிக்குக் கொடுக்கிற காசில், பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு சாப்பாட்டையே முடித்து விடலாம். எல்லா பர்ஸுக்கும் இந்த ஊரில் ஓர் இடம் உண்டு.

டிரைவருக்குத் தெரிந்த பாண்டி வேறு. அவருக்கு அது நிழல் தேடுகிற ஊர். நீங்கள் இறங்கிக்கொள்வீர்கள். அந்தக் குறுகலான தெருக்களில் வேனை நிறுத்த முடியாது. சாயங்காலம் ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டியே விட மாட்டார்கள். “டிரைவர், நீங்க சாப்டுட்டு வந்துடுங்க. நாங்க போன் பண்றோம்” என்று சொல்லி, பேட்டாவைக் கையில் கொடுத்து விட்டுப் போகிறோம். எங்கே சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார், சாப்பிட்டாரா... யாருக்கும் தெரியாது.

இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பார்க்கிற புத்தி எனக்கும் உண்டு. வண்டிக்கு வாடகை, சாப்பாட்டுக்கு பேட்டா. கணக்கு நேராகி விட்டது. மேற்கொண்டு என்ன பாக்கி?

டிரைவர் பக்கமிருந்தே ஒரு வாதம் வரும். “உங்க கூட உக்காந்தா எனக்குத்தான் சார் கஷ்டம். ரெண்டாவது தடவை சாதம் கேட்கக் கூச்சமா இருக்கும்” என்பார்கள். சிலர் பேட்டாவில் பாதியை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அவர் காசு, அவர் வயிறு, அவர் முடிவு. நம் மன நிம்மதிக்காக அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, மெனு கார்டு முன்னால் உட்கார வைப்பது மரியாதை ஆகாது. அதுவும் ஒரு வகை அதிகாரம்தான். தனியாக நிம்மதியாகச் சாப்பிடுவதற்கும் மனுஷனுக்கு உரிமை உண்டு.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால், “அவங்களுக்கே அதுதான் வசதி” என்று நாம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உஷாராகி விடுகிறேன். ஏனென்றால் இந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் பெரிய வரலாறு இருக்கிறது.

சுதந்திரப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர், பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி இதே பாண்டியில் பத்து வருடம் வாழ்ந்தவர். பிறகு சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று தனிச் சாப்பாடு. இரண்டு பிள்ளைகள்தானே என்று யாரும் விடவில்லை. 1924, 25இல் அந்த இரண்டு இலை தமிழ்நாட்டுக் காங்கிரஸையே ஆட்டி வைத்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள்.

தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன்களில் இருந்த சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. 1941இல்தான் அது போனது. ஒரே ரயிலில் வந்தவர்கள் இட்லிக்கு மட்டும் பிரிந்து உட்கார்ந்தார்கள்! 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் போர்டில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் போர்டு மாறியது.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 15ஆவது பிரிவில், மதம், சாதி, பிறப்பு, பால் என்று எதைக் காட்டியும் கடைகளுக்குள்ளும் ஹோட்டல்களுக்குள்ளும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் மூல சட்டத்தில் ஹோட்டலைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், சாப்பிடுகிற இடம் நமக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

டிரைவரைத் தனியே அனுப்புவதும் அந்தக் கொடுமையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது பிறப்பைப் பார்த்து அடைத்த கதவு. இது வேலையைப் பார்த்துச் சாத்திய கதவு. யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவராகவே உள்ளே வருவதில்லை. ஆனால், அவராகவே வராதபடிக்கு ஓர் இடம் இருப்பதும், அந்த இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதும் தற்செயல்தானா? இவ்வளவுதான் என் சந்தேகம்.

வெளிநாட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவல் காண்ட். கோனிக்ஸ்பெர்க் என்ற துறைமுக நகரத்திலேயே பிறந்து, வாழ்ந்து, 1804இல் அங்கேயே இறந்தார். தனியாகச் சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. விருந்தில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒன்பது பேரைத் தாண்டக் கூடாது என்று கணக்கு வைத்திருந்தார். எந்த மனிதனையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று உலகத்துக்குச் சொன்னதும் அவர்தான். அவர் வீட்டில் லாம்பே என்று ஒரு வேலைக்காரர், நாற்பது வருடத்துக்குப் பக்கமாக இருந்தார். அந்த ஒன்பது பேர் கணக்கில் லாம்பே வரவில்லை. அவர் வேலை பரிமாறுவது. காண்ட்டையே கவனிக்க விடாமல் செய்த விஷயம் இது. நமக்கு மட்டும் சுலபமாகக் கண்ணில் பட்டு விடுமா என்ன?

இப்போது வண்டியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகிறீர்கள். நடுராத்திரி ஹைவேயில் ஒரு மோட்டலில் பஸ் நிற்கிறது. தோசை ரப்பர் மாதிரி இருக்கிறது. விலையைக் கேட்டால் தூக்கம் கலைகிறது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே சாப்பாடு இலவசம் என்பது பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அப்போது நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! “நம்மைக் கேட்காம இவர் எப்படி முடிவு பண்ணலாம்?”

அதேதான் விஷயம். ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், இன்னொருவர் அனுபவிக்கிறார். பஸ்ஸில் அது ஐம்பது பேருக்கு நடந்தால் அநியாயம். வேனில் ஒருத்தருக்கு நடந்தால் பேட்டாவா? எங்கே சாப்பிடுவது என்பது ருசி சம்பந்தப்பட்ட கேள்வி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் முடிவின் பலனை வேறு ஒருவர் சுமக்கத் தொடங்கினால், அது தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வியாகி விடுகிறது.

அந்தச் சுமை சாப்பாட்டோடு முடிந்தால் கூட பரவாயில்லை. தண்ணி விஷயம் ஒன்று இருக்கிறதே!

தமிழ்நாட்டிலிருந்து பாண்டிக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி எதற்காகப் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைத்துனரின் கேள்விக்கு அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பதில் கிடைக்கும். குடிக்கலாமா, கூடாதா என்பது இன்றைய விஷயம் இல்லை. எங்கே, எத்தனை மணி வரைக்கும் என்பதுதான் விஷயம். “இன்னும் ஒரு ரவுண்டு, அப்புறம் டின்னர்” என்று நீங்கள் உள்ளே சொல்கிற ஒவ்வொரு தடவையும், வெளியே ஒருத்தரின் தூக்கத்தில் அரை மணி நேரம் குறைகிறது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு சொல்கிறது. ஊதச் சொல்லிக் கண்டுபிடித்து விடலாம். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கண்டுபிடிக்க எந்தப் போலீஸ்காரரிடமும் மெஷின் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்றது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது இருந்த நிறுவனங்களுக்குத்தான் பொதுவாகப் பொருந்தியது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவருக்கும், ஒரு வண்டி வைத்திருக்கிற முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்தவர், ராத்திரி பதினோரு மணிக்குத் திண்டிவனம் தாண்டுகிறார். பின்னால் ஏழு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். அந்த ஏழு உயிரும், மதியம் அவர் சாப்பிட்டாரா, அரை மணி கண் மூடினாரா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தர்மம் வேண்டாம், சுயநலத்துக்காகவாவது கேட்டிருக்கலாம் இல்லையா?

இவ்வளவு யோசித்தால் ஒரு வாய் காபி கூட இறங்காதே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நான் பெரிய தியாகம் எதுவும் கேட்கவில்லை. கஃபேக்குப் போங்கள். மகளின் ஆசையும் ஆசைதான். மூன்று வேளையில் ஒரு வேளையாவது எட்டு பேரும் கூச்சமில்லாமல் உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள் என்கிறேன்.

அப்படிப்பட்ட இடங்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பாண்டியிலேயே நேரு வீதியில் ஒரு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. யான் மார்ட்டலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் வருகிற இடம். அதன் கதை நாவலை விட எனக்குப் பிடிக்கும். காபி போர்டு தன் கடைகளை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம். பரிமாறுகிறவர்களே முதலாளிகள். அங்கே இருந்து கொஞ்ச தூரம் தெற்கே போனால் வடலூர். 1867இல் வள்ளலார் தர்மசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. வருகிறவர் யார், என்ன வேலை என்று அங்கே கேட்பதில்லை. பசிக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு.

ஆகவே, புறப்படும்போதே பேசி விடுங்கள். “அண்ணே, மதியம் எங்க சாப்பிடலாம்? நீங்களும் வாங்க” என்று ஒரு வார்த்தை. வருகிறேன் என்றால் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். தனியாகச் சாப்பிடுகிறேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். நேரம் மட்டும் தாராளமாகக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு போன் பண்ணாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முதல் ரவுண்டுக்கு முன்னாலேயே அவரிடம் சொல்லி விடுங்கள். சொன்ன நேரத்துக்கு எழுந்தும் வாருங்கள்.

இன்னொன்று. உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதற்காக பேட்டாவைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அது அவர் வீட்டுக்குப் போக வேண்டிய காசு.