கட்டிலின் நாலாவது மூலை

இரவு இரண்டு மணி. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜெபிக்க வேண்டும் என்று தெரிகிறது. என்ன சொல்லி ஜெபிப்பது என்றுதான் தெரியவில்லை.

கலங்காதீர்கள். அந்த நேரத்தில் சொல் வராமல் போவது விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளம் அல்ல.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். கப்பர்நகூம் ஊர். வீடு கொள்ளாத சனம். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாசலை நெருங்க வழியில்லை. சனம் கலையட்டும் என்று அவர்கள் நிற்கவில்லை. கூரையில் ஏறினார்கள். பிரித்தார்கள். படுக்கையோடு அவனைக் கீழே இறக்கினார்கள்.

அந்த நாலு பேரும் வாய் திறந்ததாக மாற்கு எழுதவில்லை. படுத்திருந்தவனும் பேசவில்லை. ஒரு மன்றாட்டு இல்லை, ஒரு சாட்சி இல்லை. ஆனாலும் அவர்களுடைய விசுவாசம் இயேசுவின் கண்ணில் பட்டது. காதில் விழவில்லை, கண்ணில் பட்டது. கன்றிப்போன தோளில் பட்டிருக்கும். நகக்கண்ணில் ஒட்டிய கூரை மண்ணில் பட்டிருக்கும்.

ஆபத்து வேளையில் விசுவாசத்துக்கு எடை உண்டு. அது கையில் கனக்கும்.

கல்முனைக் கரையில் இருக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே காற்றில் வருகிற ஊர் இது. நம்மில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் தட்டுகிற கதவு உங்கள் சபைக்காரரின் கதவாக இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஆட்டோக்காரக் காக்காவின் கதவாக இருக்கலாம். அவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டே வெளியே வருவார். "ஒண்டும் யோசிக்காதீங்க, ஐயாவ ஏத்துங்க" என்பார். அது படுக்கையின் முதலாவது மூலை.

ஆஸ்பத்திரி வாசலில் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறவர் இரண்டாவது மூலை. அவருடைய பெயர் உங்களுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஈசீஜீ எடுக்கிற தாதி, நாமெல்லாம் 'மிஸ்' என்று கூப்பிடுகிறவர், மூன்றாவது மூலை.

நாலாவது மூலை உங்களுடையது. கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுத்து வந்தீர்களே, அது. அப்பா என்னென்ன குளிசை குடிக்கிறார் என்று டொக்டரிடம் தடுமாறாமல் சொன்னீர்களே, அது. அதுவும் சுமப்பதுதான்.

நாலு மூலையையும் பிடித்தவர்கள் ஒரே வேதக்காரர் இல்லை. படுக்கை கோணவும் இல்லை.

2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்த காலை. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம்தான், 10,000க்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுகக் காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள், யாரைத் தூக்குகிறோம் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தூக்கப்பட்டவர்களும் இது யார் கை என்று கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் கைகளில் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நான் விசுவாசம் என்பேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். ஜெபித்துவிட்டுப் புறப்படலாம் என்று இருக்காதீர்கள். புறப்பட்டு ஜெபியுங்கள். நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை சோர்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. மூளையின் இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கிற மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இதயத்துக்கோ ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கிறது, வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கிறது. பெயரைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். அந்த நாலு பேரும் சனம் கலையக் காத்திருந்தால் மாற்குவுக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

பிறகு வருகிறது காத்திருப்பு. ஓடுவதை விட அதுதான் கஷ்டம்.

வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "எனக்கு ஜெபம் வரல்ல தம்பி. 'இயேசுவே, இயேசுவே' எண்டு பேர மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தன்." மடியில் மகனுடைய செருப்பு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள். தூரத்தில் சுபஹ் பாங்கு கேட்டது. பக்கத்தில் இருந்த உம்மா முக்காட்டைச் சரிசெய்து எழும்பினார். "உங்கட புள்ளைக்கும் சேத்துத் துஆ கேக்கிறன்" என்றார். ஒருவருக்குச் சொல் முடிந்த இடத்தில் இன்னொருவர் தொடங்கினார். அங்கேயும் ஒரு மூலை கை மாறியது.

உங்களுக்கு வலு இல்லாத நாளில் சுமக்கப்பட ஒப்புக்கொள்ளுங்கள். அதுவும் விசுவாசம். கூரையிலிருந்து இறங்கியவன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. கயிற்றையும் கைகளையும் நம்பிக் கிடந்தான்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எல்லாரும் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வருவதில்லை. சில கட்டில்கள் வெறுமையாகின்றன. அப்படியானால் சுமந்தது வீணா? மாற்குவின் அந்தப் பக்கத்தை மறுபடி வாசியுங்கள். இயேசு அவனைப் பார்த்து முதலில் எழும்பச் சொல்லவில்லை. மகனே என்று அழைத்தார். மன்னிப்பைக் கொடுத்தார். கால் வழங்குவதற்கு முன்பே அவன் மகனாகிவிட்டான். நடந்ததற்குப் பிறகு கிடைத்த பெயர் இல்லை அது. உங்கள் அன்புக்குரியவர் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த அழைப்பு மாறாது.

இன்றைக்குச் செய்ய ஒரு சின்ன வேலை தருகிறேன். 1990 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கிளினிக் கொப்பியைக் கதவுக்குக் கிட்ட வையுங்கள். அடுத்த ஒழுங்கைக்காரரிடம் சும்மா நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவர் எந்த வேதக்காரராக இருந்தாலும் சரி. பிறகு உங்கள் தெருவில் யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே ஒரு மூலை ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். போய்ப் பிடியுங்கள்.